வரிசைக்காரி

எங்கள் ஊர் அவளுக்குப் பல பெயர்கள் வைத்திருந்தது. சீனாக்காரி, நேபாளி, இந்திக்காரம்மா. அரசாங்கம் தன் பங்குக்கு ‘புலம்பெயர் தொழிலாளர் குடும்பம்’ என்று ஒரு பெயர் வைத்தது. அவள் சீனாவையும் பார்த்ததில்லை, நேபாளத்தையும் பார்த்ததில்லை. இந்தி எனக்கு எவ்வளவு வருமோ அவ்வளவுதான் அவளுக்கும் வரும். நான் தேர்வுக்காகப் படித்து மறந்தவள். அசாமில் ஏதோ ஒரு மலைப்பக்கத்து ஊர் அவளுடையது. அவளுடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் தப்பாக உச்சரிப்பீர்கள். அவளுக்கு அது பிடிக்காது.

நான் கல்வித்துறை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு வில்லியனூர் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் என்னைக் ‘கல்வியாளர்’ என்று போட்டார்கள். கல்வியாளர் என்றால் கூப்பிட்ட நேரத்துக்கு வரக்கூடிய ஓய்வூதியர் என்று பொருள். அந்த வகையில்தான் அவளைப் பார்த்தேன்.

பள்ளி திறந்த வாரம். தலைமை ஆசிரியையின் அறை வாசலில் குள்ளமான ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். திருபுவனை தொழிற்பேட்டைக் கம்பெனிப் பெண்கள் போடும் நீலக் கோட்டு. அதைப் பிடித்தபடி ஆறாம் வகுப்பு வயதில் ஒரு மகள். மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க முடியாது என்று தலைமை ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை அந்தக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்பது சட்டம். அதை நான் எடுத்துச் சொன்னேன். ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் இருக்கமாட்டார்களா என்ற பார்வையோடு தலைமை ஆசிரியை பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்.

வெளியே பிள்ளைகளுக்குக் காலைப் பால் கொடுக்கும் நேரம். பால் ஊற்றும் அம்மாவுக்கு இளகிய மனம். ‘பாவம், எங்கேர்ந்தோ வந்த புள்ள’ என்று சொல்லி, வரிசையில் நின்ற அத்தனை பேரையும் தாண்டி முதல் டம்ளரைப் புதுப் பிள்ளையிடம் நீட்டினாள். நீலக் கோட்டுக்காரி குறுக்கே கையை நீட்டி டம்ளரை வாங்கித் திரும்ப மேசைமேல் வைத்தாள்.

“வேணாம்மா. வரிசையில வுடுங்க.”

பால் ஊற்றிய அம்மாவின் கை அப்படியே நின்றது. அந்த முகத்திலிருந்து வில்லியனூர் சந்தைத் தமிழ் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

“குடிக்கட்டுமே. புதுப் புள்ளதான?”

“இப்பதான வந்துது? கடைசில நிக்கும்.”

மகள் போய்க் கடைசியில் நின்றாள். அவள் முறை வந்தபோது பாத்திரத்தில் பாதி டம்ளர் பால்தான் மீதி இருந்தது. மகள் அதைக் குடித்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, போய் பஸ் ஏறினாள். எனக்குத்தான் கோபம் வந்தது. என்ன பெண் இவள், நல்ல மனத்தோடு கொடுத்ததைக்கூட வாங்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

மகளின் பெயர் ஜுனாலி. இந்தப் பெயரை எழுதலாம். எங்கள் ஊருக்கு இப்போது இது நன்றாகப் பழகிவிட்டது. ஆரம்பத்தில் அப்படி இல்லை. வகுப்பாசிரியை வாய்க்கு எளிதாக இருக்கட்டும் என்று ‘ஜூலி’ ஆக்கிவிட்டார். எங்கள் தெருவில் அப்போது இரண்டு ஜூலிகள் இருந்தன, இரண்டும் நாய். இதைக் கேள்விப்பட்ட அம்மா பள்ளிக்கு வந்து சண்டை போடவில்லை. வகுப்பாசிரியையை வழியில் பார்த்து, தங்கவேலம்மாள் என்ற அவருடைய பெயரை ‘டேங்கி மிஸ்’ என்று சுருக்கி, மரியாதையாக வணக்கம் வைத்தாள். இரண்டாவது வணக்கத்திலேயே ஜூலி ஜுனாலி ஆனாள்.

தமிழ் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. கம்பெனியில் பேக்கிங் பிரிவில் விழுப்புரம் பக்கத்துப் பெண்களோடு நின்று, ஷிப்ட் பஸ்ஸில் தொங்கி, பாய் கடையில் பேரம் பேசி வந்தது. அதனால் ‘என்ன’ என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது, ‘இன்னா’தான். எல்லோரும் அவளுக்கு ‘அது’. தலைமை ஆசிரியை அது, கண்டக்டர் அது, சப்-இன்ஸ்பெக்டரும் அது. முதல் மாதம் என்னை மேடம் என்றாள். பிறகு ஒருநாள் காரணம் சொல்லாமல் யக்கா ஆக்கிவிட்டாள். எனக்கு முறைப்படி பதவி உயர்வு வந்த எந்த நாளிலும் அப்படி மகிழ்ந்ததில்லை.

பேங்கில் ஒருமுறை அவளுக்குப் பின்னால் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பி இவளைப் பார்த்துவிட்டு, பெருந்தன்மையோடு, “நீங்க வெளியூரு, முன்ன போங்கம்மா” என்றார். “நானு உள்ளூருதான். நீங்க போங்க” என்றாள். அவர் போகவில்லை, அவளும் போகவில்லை. இருவரும் மாறிமாறி உபசாரம் செய்துகொண்டிருந்த நேரத்தில் பக்கத்திலிருந்த ஒரு ஆள் உள்ளே புகுந்து பணம் கட்டப் போனான். அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து எங்களுக்குப் பின்னால் நிறுத்தினாள் பாருங்கள், அன்று பேங்க் மேலாளரே எழுந்து நின்று பார்த்தார்.

வில்லியனூர் மார்க்கெட்டில் அவளுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். அஞ்சலை. பனித்திட்டு மீனவர் குப்பத்துக் குடும்பம். சுனாமிக்குப் பிறகு கடலோரம் வேண்டாம் என்று இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். கடலை விட்டாலும் மீனை விடவில்லை, அஞ்சலை கூடை போட்டு விற்றாள். மலைக்காரிக்கும் கடற்காரிக்கும் எப்படி ஒட்டியது என்று கேட்டால் பதில் கருவாடு. மலையில் மீனைக் காயவைத்துப் புளிக்கவைத்துத் தின்பார்களாம். எங்கள் ஊரில் வீடு வாடகைக்கு விடுபவர்கள் ‘நாத்தம்’ என்று மூக்கைப் பிடிக்கும் கருவாட்டை, இவள் அஞ்சலை கூடைமேல் குனிந்து கண்ணை மூடி மோந்து பார்த்து வாங்குவாள். “பூ வாங்குற மாதிரி வாங்குது பாரு” என்பாள் அஞ்சலை. பதிலுக்கு இவள் ஊரிலிருந்து வந்த ஊறவைத்த பாக்கைக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்ட அஞ்சலை, வியர்த்துக் கொட்டி, தலை சுற்றி, கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அடிப்பாவி, இன்னாடி குடுத்த? காது ரெண்டும் சுடுதுடி!”

“நாங்க இத போட்டுக்கினுதான் மலை ஏறுவோம்.”

“நீ ஏறு. நான் இந்தத் தரையில ஒக்காந்துக்கறேன்.”

அஞ்சலையின் மகள் பவித்ராவும் ஜுனாலியும் ஒரே வகுப்பு. பவித்ரா நல்ல கறுப்பு, கணக்கில் கெட்டி, வாய் அம்மாவின் வாய். ஜுனாலிக்குத் தமிழ் எழுத்து வந்ததும், கெட்ட வார்த்தை வந்ததும் பவித்ராவிடமிருந்துதான்.

பெஞ்ச் விஷயத்தைச் சொல்ல வேண்டும். கம்பெனித் தொழிலாளிகளின் பிள்ளைகள் மூன்று பேர் அந்த வகுப்பில் இருந்தார்கள். ஒரு ஒடிசாப் பையன், ஒரு பீகார்ப் பெண், ஜுனாலி. மூவரையும் ஒரே பெஞ்சில் கடைசியில் உட்கார வைத்திருந்தார் வகுப்பாசிரியை. கெட்ட எண்ணம் கிடையாது. ‘ஒருத்தருக்கொருத்தர் அவங்க பாஷையில பேசிக்கட்டுமே’ என்ற கரிசனம். அவரவர் பாஷை வேறு வேறு என்பதும், அந்த பெஞ்சில் மூவருக்கும் பொதுவாக இருந்த ஒரே மொழி தமிழ்தான் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. பெற்றோர் கூட்டத்தன்று இவள் வந்து அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். முன்னால் வரச் சொன்னார்கள், வரவில்லை.

“மத்த புள்ளைங்கல்லாம் எப்படி ஒக்காந்துக்கினு கீதுங்க மிஸ்?”

“உயரத்துக்குத் தகுந்த மாதிரிம்மா. குட்டையா இருக்கறவங்க முன்னாடி.”

“என் புள்ள குட்டதான? வரிசையில வுடுங்க.”

மறுநாள் பெஞ்ச் கலைந்தது. ஒடிசாப் பையன் மட்டும் உயரம் காரணமாகக் கடைசியிலேயே இருந்தான். அவன் சந்தோஷமாகவே இருந்தான். கடைசி பெஞ்ச் எந்த மாநிலத்துக்காரனுக்கும் பிடித்த இடம்தான்.

ஏன் இந்த வரிசைப் பைத்தியம் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கூட்டம் முடிந்து இருவரும் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தோம். கணவருக்கு வேலை மாற மாற மூன்று ஊரில் மூன்று பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது என்றாள். முதல் பள்ளியில் பாஷை தெரியாத பிள்ளை என்று சுவரோரம் தனி நாற்காலி. இரண்டாவதில் ரொம்பப் பிரியம், கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளி, எந்த விழா வந்தாலும் ‘வேற்றுமையில் ஒற்றுமை’க்குத் தலையில் இறகு செருகி மேடையில் நிறுத்திவிடுவார்கள், அவர்கள் குலத்தில் யாரும் இறகு செருகுவதில்லை. மூன்றாவது பள்ளியில் இருந்தபோதுதான் நோய்க்காலம் வந்தது. சீனாவிலிருந்து வந்த நோய் என்று யாரோ சொல்ல, பள்ளி மறுபடி திறந்ததும் பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளை இல்லை.

“மூணு ஸ்கூல்லயும் எடம் இருந்துச்சி யக்கா. ஒண்ணு ஓரத்துல, இல்லாங்காட்டி மேடை மேல. நடுவுல ஒரு எடம் யாரும் குடுக்கல.”

அவள் நடையைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

“இந்த ஸ்கூலும் ஒத்து வரலன்னா பாப்பாவ ஊருக்கு அனுப்பிடுவேன்னு அவரு சொல்லிட்டாரு. அவரு அண்ணன் வூட்ல வுட்டுட்டு, வருசத்துக்கு ஒரு தபா ரயில்ல போயி பாத்துட்டு வரணும். அது வளந்து நிக்கும். எனக்கு அத தெரியாது, அதுக்கு என்னத் தெரியாது.” கொஞ்ச தூரம் போய், “அதான் யக்கா, வரிசை” என்றாள்.

பால் டம்ளர் விஷயத்தில் எனக்கு இருந்த கோபம் அன்று போயிற்று.

சீனா என்று பிள்ளைகள் கூப்பிடுவது மட்டும் உடனே நிற்கவில்லை. ஒரு பையன் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். நான் புகார் எழுதித் தரச் சொன்னேன். யாருக்கு முகவரியிட்டு, யாருக்கு நகல் அனுப்ப வேண்டும் என்பதுவரை சொன்னேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நேரே பையன் வீட்டுக்குப் போய், அவன் அம்மாவிடம், “உன் புள்ள என் புள்ளய சீனான்னு சொல்லுது. நான் அடிக்கட்டா, நீ அடிக்கிறியா?” என்றாள்.

அந்த அம்மா அசரவில்லை. “நீயே ரெண்டு வையி. எனக்குக் கை வலிக்குது.”

இவள் அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வாரம், பையன் ஜுனாலியோடும் பவித்ராவோடும் ஒன்றாக நடந்து பள்ளிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னாள். இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு வாரம் நடப்பது அந்த வயதுப் பையனுக்கு எத்தகைய தண்டனை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வாரம் முழுக்கப் பவித்ரா அவனிடம் பேசிக்கொண்டே வந்தாளாம். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து எந்த நாட்டின் பெயரும் வரவில்லை.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எட்டாம் வகுப்பில் ஆண்டு விழா வந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறப்பு விருந்தினர் வரும்போது வாசலில் பெண்பிள்ளைகள் பூத்தட்டோடு இரண்டு வரிசையாக நிற்பார்கள். முன்னால் ஒருத்தி பன்னீர்ச் செம்பு வைத்துக்கொண்டு தெளிப்பாள். அந்தப் பள்ளியில் செம்பு எட்டாம் வகுப்புத் தலைவிக்கு உரியது. அந்த வருஷத் தலைவி பவித்ரா. விருந்தினர் ஒரு மந்திரி என்று தெரிந்ததும் விழாப் பொறுப்பிலிருந்த ஆசிரியைக்கு ஒரு கலையுணர்ச்சி பொங்கியது. ‘முன்னாடி நிக்கிற புள்ள கொஞ்சம் கலரா இருந்தா போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்’ என்று செம்பை ஜுனாலியின் கையில் கொடுத்துவிட்டார். பவித்ராவை நாற்காலி போடும் குழுவுக்கு மாற்றினார். ஜுனாலிக்கு உடுத்தத் தன் மகளுடைய பட்டுப்பாவாடையையும் கொடுத்து அனுப்பினார்.

இதையும் சொல்ல வேண்டும்: எல்லாவற்றிலும் அந்த ஆசிரியை மோசமானவர் அல்ல. எங்கள் ஊர் முழுக்கவே அப்படித்தான். கல்யாண வீட்டு வாசலில் யார் பன்னீர் தெளிக்கிறார்கள் என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

அவள் அன்று மாலை என் வீட்டுக்கு வந்தாள். வழக்கமான வேகம் இல்லை. வாயில் பாக்கு இல்லை.

“பாப்பா அந்தப் பாவாடைய கட்டிக்கினு கண்ணாடி முன்ன சுத்தி சுத்தி பாக்குது யக்கா. இவ்ளோ சந்தோசமா நான் அத பாத்ததே இல்ல.”

“நல்லதுதானே?”

“நான் கூடாதுன்னுட்டேன்.”

மகள் கத்தியிருக்கிறாள். எதற்கெடுத்தாலும் வரிசை, வரிசை. எல்லோரும் என்னை முன்னால் கூப்பிடுகிறார்கள், நீதான் பின்னால் இழுக்கிறாய். எனக்கு ஒரு தடவையாவது முன்னால் நிற்க வேண்டும். கடைசியில், நான் பெரியப்பா வீட்டுக்கே போகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள். கணவர் ரயில் நேரம் மட்டும் போனில் பார்த்தாராம்.

எனக்குப் பயமாக இருந்தது. எந்தப் பிரிவைத் தடுக்க இவள் இத்தனையும் செய்தாளோ, அதை இவளே வரவழைத்துக்கொள்கிறாள் என்று தோன்றியது. “விட்டுவிடேன். ஒரு நாள்தானே? பிள்ளை ஆசைப்படுகிறது” என்றேன்.

“ஆசப்படட்டும். பவித்ரா எடத்துக்கு ஆசப்படக் கூடாது.”

“அஞ்சலை என்ன சொல்கிறாள்?”

“அது சிரிக்குது யக்கா. ‘கருப்புக் குட்டிய எவன்டி முன்னாடி நிறுத்துவான், அதுக்கு இது பழக்கந்தான், உன் புள்ளையாவது நிக்கட்டும்’னு சொல்லுது. சொல்லிட்டு எனக்குக் கருவாடு சும்மா குடுக்குது. காசு வாங்கல.” அவள் முகம் கோணிற்று. “நாளைக்கு இன்னும் செவப்பா ஒரு புள்ள வந்துச்சின்னா? அப்ப என் புள்ள எங்க நிக்கும்? நாற்காலி போடப் போவுமா?”

மறுநாள் தலைமை ஆசிரியை அறையில் நாங்கள் இருவரும், விழா ஆசிரியையும். தலைமை ஆசிரியைக்கு உண்மையிலேயே புரியவில்லை.

“உங்க பொண்ணுக்குத்தானேம்மா கௌரவம் குடுக்கறோம்? அதப் போயி வேணாங்கறீங்களே?”

“மத்த நாளெல்லாம் சீனா. மந்திரி வர்ற அன்னிக்கு மட்டும் செவப்பா மேடம்?”

விழா ஆசிரியை, “நான் அப்படியெல்லாம் பாகுபாடு பாக்கறவ இல்ல. போட்டோ...” என்று இழுத்தார்.

“பவித்ரா நின்னா போட்டோ கிழிஞ்சிடுமா மிஸ்?”

“சரி, சரி. அந்த ரெண்டு பேருமே வேணாம். ஒன்பதாவதுலேர்ந்து யாரையாவது பாத்துக்கலாம்” என்றார் தலைமை ஆசிரியை. இது அலுவலகங்களின் பழைய வித்தை. கேட்டவனுக்கும் இல்லை, உரியவனுக்கும் இல்லை என்று முடித்துக் கோப்பை மூடுவது. நானே எத்தனையோ கோப்புகள் அப்படி மூடப்படுவதைப் பார்த்தவள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். அடுத்த நாள் குழுக்கூட்டம் இருந்தது. விருந்தினர் வரவேற்பில் பன்னீர்ச் செம்பு பள்ளி வழக்கப்படி எட்டாம் வகுப்புத் தலைவிக்கே என்றும், மற்றவர்கள் உயர வரிசைப்படி நிற்க வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு போய் வைத்தேன். கையெழுத்துப் போட்ட பாதிப் பேர் அதைப் படிக்கவில்லை. ஒரு தீர்மானம் போட்டால் எந்த அநியாயத்தையும் ஒழுங்காக நிறைவேற்றலாம் என்று பணிக்காலத்தில் கற்றிருந்தேன். நியாயத்தையும் அப்படியே நிறைவேற்றலாம் என்பது ஓய்வுக்குப் பிறகு தெரிந்தது.

தீர்மானத்தால் செம்பு பவித்ராவிடம் திரும்பியது. ஜுனாலியின் மனம் திரும்பவில்லை. அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பட்டுப்பாவாடையை மடித்து அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

விழா நாள் சாயங்காலம் அம்மா மட்டும் தனியாகப் பள்ளிக்கு வந்தாள். சேலை கட்டியிருந்தாள்.

“ஜுனாலி?”

“சொவத்தப் பாத்துக்கினு படுத்திருக்குது. கைய புடிச்சி இழுத்தா வரும். நான் இழுக்க மாட்டேன்.” பிறகு மெதுவாக, “அவரு லீவு கேட்டிருக்காரு, ஊருக்குப் போவ” என்றாள்.

வாசலில் ஆறாவது முதல் எட்டாவது வரை பெண்பிள்ளைகள் உயர வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். முன்னால் பவித்ரா செம்போடு. அஞ்சலை எங்கிருந்தோ ஒரு பச்சைப் பாவாடை வாங்கி மகளுக்குக் கட்டிவிட்டிருந்தாள். அந்தக் கறுப்புக்கும் அந்தப் பச்சைக்கும், சொன்னால் நம்பமாட்டீர்கள், கண்ணை எடுக்க முடியவில்லை. விழா ஆசிரியை வரிசையைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர், நடுவில் ஒரு இடத்தில் நின்றார்.

“இது என்னடி நடுவுல ஓட்ட? நெருங்கி நில்லுங்க.”

யாரும் நெருங்கவில்லை. ஓட்டைக்கு இந்தப் பக்கம் நின்ற ஒரு பெண், “அது ஜுனாலி எடம் மிஸ்” என்றாள்.

“அவதான் வரலையே?”

முன்னால் நின்ற பவித்ரா திரும்பாமலேயே பதில் சொன்னாள். “வந்துடும் மிஸ்.”

“வரலன்னா?”

“வரலன்னா எடம் இருக்கட்டும் மிஸ்.”

ஆசிரியை கையைத் தட்டினார், அதட்டினார். வரிசை ஒரு அங்குலம் நகர்ந்து, மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது. ஒரு ஆள் அகலத்துக்கு அந்த இடைவெளி அப்படியே இருந்தது. இத்தனைக்கும் யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் தீர்மானத்தில் அப்படி ஒரு வாசகம் கிடையாது.

என் பக்கத்தில் நின்றவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள்; மகளிடம் கொடுக்கச் சொன்னாள் போலிருக்கிறது. அவர்கள் பாஷையில் பேசினாள். எனக்கு அதில் இரண்டே சொற்கள்தான் புரிந்தன. ஒன்று பவித்ரா. இன்னொன்று வரிசை. அந்தச் சொல்லை அவர்கள் பாஷையிலும் அவள் தமிழில்தான் சொன்னாள்.

அவள் போனை வைத்ததும், “இன்னா சொன்னா?” என்று நானே அவள் தமிழில் கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. வச்சிட்டுது.”

மந்திரி தாமதமாக வந்தார். விருந்தினர்கள் தாமதமாக வருவதை நான் வாழ்நாளெல்லாம் சபித்திருக்கிறேன். அன்று ஒருநாள் மட்டும், இன்னும் கொஞ்சம் தாமதமாக வாருங்கள் ஐயா என்று வேண்டிக்கொண்டேன். முதலில் வந்தது ஒரு பைக். பின்னாலிருந்து ஜுனாலி குதித்தாள். சாதாரணச் சீருடை, வீங்கிய கண், கலைந்த தலை. அம்மாவைப் பார்க்கவில்லை. வரிசையோரம் நடந்து வந்து, இடைவெளியைப் பார்த்து, ஒரு நொடி நின்றாள். பிறகு உள்ளே நுழைந்துகொண்டாள். பக்கத்துப் பெண் தன் தட்டிலிருந்த பூவில் பாதியை அவள் கையில் கொட்டினாள். அவளுடைய அப்பா பைக்கை அணைக்காமலே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அணைத்தார்.

சற்று நேரத்தில் காரும் வந்தது. பவித்ரா பன்னீர் தெளித்துவிட்டு, செம்போடு மந்திரிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தாள். வரிசையின் நடுவில் மந்திரியின் கண் ஜுனாலிமேல் விழுந்தது. அன்பாகக் குனிந்து, “நீ எந்த ஊரும்மா?” என்றார்.

ஜுனாலி வாயைத் திறப்பதற்குள் பவித்ரா சொன்னாள்: “எங்க கிளாஸ் சார்.”

சொல்லிவிட்டு, அலுவலக முத்திரை வைப்பதுபோல இன்னொரு முறை பன்னீர் தெளித்தாள். அது நேரே மந்திரியின் முகத்தில் விழுந்தது. பள்ளிக்கூடச் சுவரில் இன்றும் அந்தப் படம் தொங்குகிறது. மந்திரி கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறார். பவித்ரா நன்றாக விழுந்திருக்கிறாள். ஜுனாலி வரிசையில் இருக்கிறாள், தேடினால்தான் தெரியும். அவளுடைய அம்மாவுக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அதுதான்.

ஜுனாலி ஊருக்கு அனுப்பப்படவில்லை. இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தாள். அதன் பிறகு அவள் அப்பாவுக்கு மறுபடி வேலை மாறி, அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அஞ்சலை இப்போதும் அந்த ஊறவைத்த பாக்கைப் பற்றிப் பேசுகிறாள். தபாலில் வருகிறது என்று கேள்வி.

விழா அன்று நான் அவளைத் தேடினேன். மந்திரி மேடைக்குப் போனதும் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். எங்காவது ஒதுங்கி நின்று அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் சமையலறைப் பக்கம், பெற்றோர்களுக்குச் சுண்டல் கொடுக்கும் வரிசையில், அஞ்சலைக்குப் பின்னால் நின்று அவளோடு ஏதோ வம்பு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பணிக்காலம் முழுவதும் எனக்குச் சுண்டல் தனித் தட்டில், உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு வரும். அன்று எழுந்து போனேன். அவளுக்கு முன்னால் ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. மெதுவாக அதில் நுழையப் பார்த்தேன்.

“யக்கா.” அவள் சிரிக்கவில்லை. “நீங்க இப்பதான வந்தீங்க? கடைசில நில்லுங்க.”

போய் நின்றேன். எனக்கு வரும்போது சுண்டல் ஆறிப்போய், பாதிக் கரண்டிதான் இருந்தது.